‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்று எழுதிய சகோதரிக்கு

கேள்வி:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 36 வயது. தெமட்டகொடையில் இருக்கிறோம். உயர்தரம் படித்துக்கொண்டிருக்கும்போதே கலியாணம் முடிந்தது, பரீட்சை எழுதவில்லை. மூன்று பிள்ளைகள். கணவர் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறார். 2022க்குப் பிறகு அவருடைய சம்பளம் வீட்டுக்குக் காணாது. நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் 200 ரோல்ஸ் செய்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒன்று 70 ரூபா. சாமானுக்கு 8,600 போகும், மிச்சம் 5,400 இலாபம். நோன்புக்குக் கட்லட், சமோசா, பெருநாளைக்கு வட்டிலப்பம் என்று ஓடர் வரும். எனக்கு வங்கிக் கணக்கு இல்லை, காசு கணவரின் கணக்குக்குப் போகிறது.

ஒரு தனியார் நிலையத்தில் பேக்கிங் டிப்ளோமா படிக்க ஆசை. 95,000 ரூபா கேட்கிறார்கள். காப்பை அடகு வைக்கலாமா? “இந்த வயசுல என்ன படிப்பு, பொம்புள சம்பாதிச்சா வீட்டுல பரக்கத் (இறையருள்) இருக்காது” என்கிறார் மாமி. மார்க்கத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? மூத்த மகள் இந்த முறை சாதாரண தரம் எழுதுகிறாள். அதோடு நிறுத்திவிட்டு இடம் பார்ப்போம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்குமோ என்று பயமாக இருக்கிறது.

– ஒரு சகோதரி, தெமட்டகொட

பதில்:

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தில் ஒரே பந்தியில் ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்றும் இருக்கிறது, ‘200 ரோல்ஸ்’ என்றும் இருக்கிறது. தொழில் வழிகாட்டல் வேலையில் இருக்கும் எனக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெண்கள் புதிதில்லை. மாளிகாவத்தை, வெல்லம்பிட்டி, கொலன்னாவ எங்கே கேட்டாலும் இதுதான். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், அடுப்பில் ஓடர் வெந்துகொண்டிருக்கும், கேட்டால் ‘சும்மா’.

இலங்கையில் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருப்பதாகப் புள்ளிவிபரம் சொல்கிறது. அந்தக் கணக்கை எடுக்க வரும் உத்தியோகத்தர், போன வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது காசுக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தீர்களா என்றுதான் கேட்பார். நீங்கள் ‘சும்மா இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் உங்கள் 200 ரோல்ஸும் அதில் வராது. நாட்டின் கணக்கில் விடுபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கணக்கிலேயே நீங்கள் விடுபட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பேச விரும்புவது அதைப் பற்றித்தான். டிப்ளோமாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய 5,400 ரூபா இலாபத்தை எடுத்துக்கொள்வோம். சாமான் என்றால் மா, முட்டை, மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரஸ்க் தூள், எண்ணெய். சரி. கேஸ் எங்கே? 200 ரோல் தோலை ஒவ்வொன்றாகக் கல்லில் ஊற்றி எடுத்து, பிறகு அத்தனையையும் பொரிக்கிறீர்கள். வீட்டுச் சமையலுக்கும் அதே சிலிண்டர் என்பதால் அது கண்ணில் படுவதில்லை. இரண்டு கடைகளுக்கும் கொண்டுபோகும் த்ரீவீல் காசு எங்கே? பெட்டி, டிஷ்யூ, பொலித்தீன்? நான் ஊகமாக ஒரு கணக்குப் போடுகிறேன், உங்கள் எண்களைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கேஸ் 900, த்ரீவீல் 1,200, பெட்டி முதலியவை 400. மொத்தம் 2,500. ஆக, 5,400 என்று நீங்கள் நினைப்பது 2,900.

இனி நேரம். வியாழன் பின்னேரம் கறி வதக்குவது, இரவு தோல் சுடுவது, சுற்றுவது, முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டுவது, விடிய சுபஹுக்குப் பிறகு பொரிப்பது. உங்களுக்கு 14 மணித்தியாலம் என்று வைப்போம். சுற்றுவதற்கு மூத்த மகள் உட்காருகிறாள் என்று நினைக்கிறேன், 200 ரோலைத் தனியாக ஒருவர் சுற்றி முடிப்பது கஷ்டம். அவளுக்கு 6 மணித்தியாலம். மொத்தம் 20. 2,900ஐ 20ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 145 ரூபா. எட்டு மணித்தியால நாளுக்கு 1,160. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,200 ரூபா. சட்டம் ஒரு கூலியாளுக்குக் கொடுக்கச் சொல்லும் ஆகக் குறைந்த தொகையைக்கூட நீங்கள் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

இதைச் சொல்வது உங்களை மனம் தளரச் செய்ய இல்லை. இதில் சரிசெய்யக்கூடிய இடம் எது என்று பார்க்கத்தான். ஒரு ரோலுக்கு 10 ரூபா கூட்டிக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். இரண்டு கடையும் சேர்ந்து 30 ரோலைக் குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 170 ரோல், 80 ரூபா: 13,600. ஒன்றுக்குச் சாமான் 43 ரூபா வீதம் 7,310. மற்றச் செலவு அதே 2,500. கையில் நிற்பது 3,790. வேலை குறைகிறது, காசு கூடுகிறது. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை முந்தைய வருடத்தைவிட 95 சதவீதம் அளவில் ஏறியிருந்தது. அந்த நாட்களில்கூட, ‘தெரிந்த ஆட்கள், எப்படிக் கேட்பது’ என்று பழைய விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. பிளேன்டீ விலையை அவர் எத்தனை முறை மாற்றினார் என்று யோசித்துப் பாருங்கள்.

வட்டிலப்பத்தைப் பற்றி நீங்கள் அரை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் வியாபாரம் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. பொரிக்கத் தேவையில்லை, ஒவ்வொன்றாகச் சுற்றத் தேவையில்லை, ஒரே தடவையில் பல தட்டுகள் அவியும், முதல் நாளே செய்து குளிரூட்டியில் வைக்கலாம். நல்ல கித்துள் கருப்பட்டி, கட்டித் தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய், மேலே கஜு. சாமான் விலை கூடத்தான், ஆனால் வாங்குகிறவர் விருந்துக்கு வாங்குகிறார், 10 ரூபாவுக்குப் பேரம் பேச வரவில்லை. நம்மாட்கள் மட்டும் இல்லை, சிங்களவர் வீடுகளிலும் பெருநாளன்று ‘வட்டிலப்பம் எங்கே’ என்று கேட்பார்கள். பெருநாளுக்கு மட்டும் என்று நிறுத்தாமல் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஓடர் எடுத்துப் பாருங்கள். பாதிக் காசு முற்பணம். முற்பணம் வராத ஓடருக்கு முட்டை உடைக்க வேண்டாம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் காசை எடுத்துக்கொள்கிறார் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை, அப்படி நினைக்கவும் எனக்குக் காரணம் இல்லை. வீட்டுக்குத்தானே செலவாகிறது. ஆனாலும் அந்தக் காசு அவருடைய சம்பளத்தோடு கலந்துவிட்டால், அதை யார் உழைத்தது, எவ்வளவு, எந்த மாதம் கூடியது, எந்த மாதம் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து ஃப்ரீசர் வாங்கவோ அடுப்பு வாங்கவோ வங்கியில் போய் நின்றால், உங்கள் பெயரில் காட்ட ஒரு தாள் இருக்காது. ஏழு வருடமாக வீட்டிலிருந்து கேக் செய்து விற்ற ஒரு சகோதரி, கணவர் மவுத்தான பிறகு என்னிடம் வந்தார். வியாபாரத்தின் காசு முழுவதும் அவருடைய கணக்கில். அதைத் தொடவே மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது, கணவரை இழந்த பெண் வீட்டிலிருக்கும் இத்தா காலத்தில் இருந்துகொண்டு.

ஆகவே தேசிய அடையாள அட்டையோடு போய் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். அட்டையில் இருக்கும் முகவரி வேறு என்றால் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்க வேண்டி வரும். வட்டி சேரும் என்ற தயக்கம் இருந்தால் அமானா வங்கி இருக்கிறது, 2011இலிருந்து முழுமையாக வட்டியில்லாத முறையில் நடக்கிறது. வேறு பல வங்கிகளிலும் இஸ்லாமிய வங்கிப் பிரிவு உண்டு. கணக்குத் திறக்கும்போதே கியூ.ஆர். அட்டையும் கேளுங்கள். காசு நேரே உங்கள் கணக்குக்கு வரும், ‘நாளைக்குத் தாறேன் ராத்தா’ என்பதும் குறையும். வீட்டுச் செலவுக்கு உங்கள் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். அது உங்கள் கையிலிருந்து போகட்டும்.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அங்கேயே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறு தொழில் முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என்று ஆட்கள் இருப்பார்கள், கேட்டால்தான் பேசுவார்கள். உணவு விற்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் (பீ.எச்.ஐ.) போங்கள். பீ.எச்.ஐ. என்றாலே நம் பெண்களுக்கு ஒரு நடுக்கம். அவர் வந்து குசினியைப் பார்த்துவிட்டுச் சொல்லும் திருத்தங்கள் பெரும்பாலும் மூடியுள்ள குப்பைக்கூடை, கை கழுவுமிடம், தலைக்கு உறை போன்றவைதான். நாளைக்கு ஒரு அலுவலகமோ பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையோ ஓடர் தர வந்தால் முதலில் கேட்பது பீ.எச்.ஐ. பார்த்தாரா என்பதைத்தான். வரிக்குப் பயப்படவும் தேவையில்லை. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரி விலக்கு இருக்கிறது, அந்த உயரத்துக்கு நீங்கள் வர இன்னும் நிறைய வட்டிலப்பம் அவிக்க வேண்டும்.

இப்போது அந்த 95,000 ரூபா டிப்ளோமா. எந்த நிலையம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் நான் இங்கே பெயர் போடமாட்டேன். ஆனால் காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இந்த நிலையம் பதிவாகியிருக்கிறதா? இந்தக் கற்கைநெறி முடிந்தால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வருமா, வந்தால் எத்தனையாம் மட்டம்? தொழிற்பயிற்சி தரும் நிலையங்கள் அந்த ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். வாயால் ‘ஓம், எல்லாம் இருக்கு’ என்பார்கள். பதிவிலக்கத்தை வாங்கி, ஆணைக்குழுவிலேயே கேட்டுப் பாருங்கள். கொழும்பில் பளபளக்கும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தரும் டிப்ளோமாக்களில் பல, அந்தக் கண்ணாடியின் விலைக்குக்கூடப் பெறாது. அழகுக்கலை, மொண்டிசோரி, கேக் என்று வீட்டுப் பெண்களைக் குறிவைத்து விளம்பரம் வரும்போது இன்னும் கவனமாக இருங்கள்.

உங்களைப் போல ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, இதைத்தான் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்வேன். ஆர்.பி.எல். என்று கேளுங்கள், விளங்கும். வகுப்புக்குப் போகாமலே, நீங்கள் இத்தனை வருடம் செய்துவந்த வேலையைச் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை. நைட்டா என்று எல்லோரும் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ, தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பிக்கலாம். என்ன செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: ஓடர் விபரம், படங்கள், வாங்கியவர்களின் கடிதம், பில். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும், சில கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். ஆதாரம் என்ற இடத்தில்தான் நம் பெண்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். எழுதி வைத்ததில்லை, படம் எடுத்ததில்லை. இன்றிலிருந்து ஒவ்வொரு ஓடரையும் போனில் ஒரு படம் பிடியுங்கள்.

அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டவென்று நினைக்க வேண்டாம். என்.வி.கியூ. 4 கையில் இருந்தால் 5, 6 என்று டிப்ளோமா மட்டத்துக்குப் போகலாம், அதற்கு மேல் இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் (யுனிவோடெக்) பட்டம் வரை வழி இருக்கிறது. உயர்தரம் எழுதாதவருக்குப் பட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உயர்தரமே எழுத ஆசை என்றால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதும் எழுதலாம், வயது தடை இல்லை. ஆனால் நீங்கள் என் வாடிக்கையாளராக இருந்தால், முதல் வருடம் புத்தகத்தைத் திறக்கச் சொல்லமாட்டேன். வருமானத்தை நேராக்குங்கள், ஆர்.பி.எல். எடுங்கள். கேக், பேஸ்ட்ரி போன்று உங்களுக்குத் தெரியாத பகுதிக்கு மட்டும் அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் ஒரு குறுகிய வகுப்பு. 95,000இல் பெரும்பகுதி மிஞ்சும்.

ஆகவே காப்பு கையிலேயே இருக்கட்டும். அடகு வட்டி என்ற மார்க்கப் பிரச்சினை ஒரு பக்கம், மீட்க முடியாமல் போனால் உங்கள் பெயரில் இருக்கும் ஒரே சொத்தும் போய்விடும். வாசலுக்கே வந்து தரும் வாரத் தவணைக் கடன்களையும் தொட வேண்டாம். ஃப்ரீசர் வாங்கத்தான் காசு வேண்டும் என்றால், அயலில் நம்பிக்கையான பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு போதும், அதில் வட்டியும் இல்லை. யார் பிடிக்கிறார் என்பது முக்கியம். முகம் தெரியாத வாட்ஸ்அப் சீட்டில் சேராதீர்கள்.

மார்க்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் ஆலிமா இல்லை, விரிவாக அறிய உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது சூரா அந்நிஸாவின் 32ஆம் வசனத்தில் வருகிறது. மனைவியின் காசு மனைவியுடையது, வீட்டுச் செலவு கணவரின் பொறுப்பு. அப்படியென்றால் வீட்டுக்குக் கொடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) இதே போன்ற ஒரு கேள்வியோடுதான் நபி (ஸல்) அவர்களிடம் போனார்கள். கணவருக்கும் தன் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் தன் பணத்திலிருந்து செலவழித்தால் தருமமாகுமா என்று. உறவைப் பேணிய கூலி, தருமத்தின் கூலி என்று இரண்டு கூலி உண்டு என்று பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கும் ஹதீஸ். கேள்வி எப்படி எழுந்தது என்று பாருங்கள்: அந்தப் பணம் அவருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நபியவர்களின் மனைவி கதீஜா நாயகியின் வியாபாரத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு மீலாத் மேடையிலும் கேட்கிறோம், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

மாமியோடு இந்த ஆதாரங்களை வைத்து வாதாடப் போகாதீர்கள். அவர் பரக்கத் என்று சொன்னாலும், உள்ளே இருப்பது வேறு பயமாக இருக்கலாம். பிள்ளைகளை யார் பார்ப்பது, அக்கம்பக்கம் என்ன சொல்லும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அபாயாவோடு தனியாக பஸ்ஸில் போய்வருவது எப்படி. கடைசிப் பயம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது, நம்மில் பலர் அந்த மாதங்களில் பட்டதுதான். அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எந்த நாளில், எந்த நேரத்தில், யாரோடு போய்வருவீர்கள் என்று சொல்லுங்கள். வட்டிலப்பத்தின் கைப்பக்குவம் மாமியிடமிருந்து வந்ததென்றால் பெருநாள் ஓடரில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள், கையில் கொடுங்கள். எத்தனையோ வீடுகளில் எதிர்ப்பு அந்த இடத்தில் இளகியிருக்கிறது. இது தந்திரம் இல்லை, நியாயமும் அதுதான்.

‘நம்ம பொம்புளைகள் வெளியே போன பழக்கமில்லை’ என்ற பேச்சு வந்தால், அது கொழும்புக்குப் பொருந்தாது. பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல் தொடங்கியது. அதன் முதல் அதிபர் ஆயிஷா ரவூப், பிறகு கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகித் துணை மேயராகவும் இருந்தார். உங்கள் மாமியின் உம்மா காலம் அது.

மகளுக்கு வருகிறேன். சாதாரண தரம் எழுதி முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கலியாணப் பேச்சு சூடு பிடிப்பது அந்த இடைவெளியில்தான். பாடசாலையும் இல்லை, பிள்ளை கண் முன்னால் ‘சும்மா’ இருக்கிறாள், ‘நல்ல இடம், கைக்கூலி (சீதனம்) கேட்கவில்லை’ என்று ஒரு தரகர் வருவார். நாட்டின் பொதுச் சட்டத்தில் விவாக வயது 18. நம்முடைய 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் அந்த எல்லை எழுதப்படவில்லை, மணப்பெண்ணின் கையொப்பமும் அதில் கேட்கப்படவில்லை. திருத்த வேண்டும் என்று முஸ்லிம் பெண்களே பல வருடமாகப் பேசி வருகிறார்கள். எனவே சட்டம் உங்கள் மகளுக்காக வந்து நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் பேச வேண்டும், இடைவெளி தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டும்.

‘கலியாணமே வேண்டாம்’ என்று ஆரம்பித்தால் வீடு இரண்டாகும். ‘உயர்தரம் முடியட்டும்’ என்று ஒரு எல்லை சொல்லுங்கள். பரீட்சை முடிந்த கையோடு அவளைக் கணினி வகுப்பிலோ ஆங்கில வகுப்பிலோ சேர்த்துவிடுங்கள், வீட்டில் உட்கார விடாதீர்கள். கணிதத்தில் தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பெறுபேறு எப்படி இருந்தாலும் 13 வருடம் பாடசாலைக் கல்வியை உறுதிப்படுத்தும் திட்டத்தில், 12ஆம், 13ஆம் தரத்தில் தொழிற்பாடங்கள் படிக்கும் பிரிவு சில பாடசாலைகளில் இருக்கிறது. எந்தப் பாடசாலையில் என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள்.

இன்னொன்று. பரீட்சை முடியும்வரை வியாழக்கிழமை இரவுகளில் அவளை ரோல் சுற்ற விடாதீர்கள். அயலில் ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள், மணித்தியாலத்துக்கு 150 ரூபா கொடுத்தால் 6 மணித்தியாலத்துக்கு 900 ரூபா. விலையை 80ஆக்கினால் அந்தக் கூலிக்கு இடம் இருக்கிறது.

கணவரோடு பேசுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. அவர் கணக்கு எழுதும் மனிதர். நாள் முழுக்க வரவு, செலவு, இருப்பு என்று பார்த்துவிட்டு வருகிறவரிடம் உரிமை, சுயமரியாதை என்று பேசினால் களைப்பில் காதில் ஏறாது. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு, கேஸும் த்ரீவீலும் உட்பட. உங்கள் நேரத்தையும் மகளின் நேரத்தையும் கீழே எழுதுங்கள். நான்கு வெள்ளிக்கிழமை எழுதிய பிறகு, சாப்பாடு முடிந்து அவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் அவர் முன்னால் வைத்து, ‘இதுல எங்க பிழை இருக்கு, பாருங்க’ என்று கேளுங்கள். கணக்கில் பிழை தேடச் சொன்னால் எந்தக் கணக்காளரும் பேனாவை எடுப்பார். வங்கிக் கணக்கைப் பற்றிய பேச்சு அந்தக் கொப்பிக்கு மேல் வரட்டும்: காசு கலப்பதால் இந்தக் கணக்கை நேராக வைக்க முடியவில்லை, எனக்கென்று ஒன்று திறக்கலாமா, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அவர் கூட்டிக்கொண்டு போனால், பிறகு மாமிக்கும் பதில் அவரே சொல்வார்.

மறுத்துவிட்டால்? கொப்பியை நிறுத்த வேண்டாம். வங்கிக்குப் போக யாருடைய கையொப்பமும் உங்களுக்குத் தேவையில்லை, உங்கள் அடையாள அட்டை போதும். ஆனால் அதை மறைத்துச் செய்யாதீர்கள். ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்று மாதக் கணக்கோடு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். நோன்புக்கு முன்னால் வந்தால் நல்லது. கட்லட், சமோசா ஓடரில் எதை வைப்பது, எதை விடுவது, முற்பணம் கேட்க வாட்ஸ்அப்பில் எப்படி எழுதுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.